நகல் வண்டி காட்டிய கடல்

ராக்கியண்ணனின் பட்டறையில் அந்தச் சிவப்பு வண்டிக்குக் கண் திறந்த அன்று சாயங்காலம் கல்லுமடைக்குக் கடல் வந்தது. கரூருக்கு மேற்கே, எந்தக் கடலுக்கும் ஒரு பகல் பயணத் தூரத்தில், கோடை முழுக்க லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஊருக்குக் கடல் வந்தால் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்கள், அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள், அதற்கும் அப்புறம், பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற எங்கள் தெருவில் எது வந்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்கள்: "எத்தனை அடி நீளமுங்க?"

கடல் வந்தது சுவரில். வண்டியின் முன்விளக்குகளை ஏற்றியதும், எதிரே இருந்த அரிசி ஆலையின் பின்சுவரில் விழ வேண்டிய வெளிச்சத்துக்குப் பதில் ஒரு கடல் வந்து விழுந்தது. கீழே பாறையில் அலை மோதும் சத்தமும், பாறையை ஒட்டி வளைந்து வளைந்து மேலே போகிற ஒரு சாலையும், சாலையோரத்தில் காய்த்துக் குலுங்கும் எலுமிச்சை மரங்களும், மரங்களுக்குப் பின்னால் இங்கே இருப்பதைப் போலவே அங்கேயும் ஒரு அந்தி நேரமுமாக அது விழுந்தது. சுவரும் இருந்த இடத்திலேயே இருந்தது. தொட்டால் கையில் சுண்ணாம்பு ஒட்டும், கூடவே கை நனையும். பெயிண்டர் மஸ்தான் பாய் நனைந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புத்தான்" என்றார், அதோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

வண்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற வரதகுமார் என்கிற பெரிய மனிதர் ஒரு கட்டுப் புகைப்படங்களோடு ராக்கியண்ணனைத் தேடி வந்தார். படத்தில் இருந்தது மொந்தால்வா என்ற பந்தயக் கார். வெளிநாட்டில் எங்கோ கடலோர ஊரில் ஒரு மனுஷன் தன் கையாலேயே வரைந்து, தன் கையாலேயே தகடு அடித்து, உலகத்துக்கே ஒன்று என்று செய்த வண்டி. செய்தவன் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று அதில் ஏறிப் போனான், மலை வளைவில் வண்டியோடு கடலுக்குள் விழுந்தான், அவனும் கிடைக்கவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை. "அச்சு அசலா இதே மாதிரி வேணும்" என்றார் வரதகுமார்.

எங்கள் தெருவுக்கு இது புதுப் பேச்சே இல்லை. பஸ் முதலாளிகள் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள், இன்னார் பஸ் மாதிரியே முகப்பு வேண்டும், இன்னார் பஸ் மாதிரியே கண்ணாடி வளைய வேண்டும் என்று. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்துதான் நாங்கள் சோறு தின்கிறோம், அதனால் நகல் என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் கெட்ட வாசனை கிடையாது. ஆனால் ராக்கியண்ணன் அதுவரை அடித்ததெல்லாம் நேர்த் தகடு. இந்த வண்டியிலோ நேர்க்கோடு என்று ஒன்று மருந்துக்கும் இல்லை. மணல் மூட்டைமேல் அலுமினியத் தகட்டைப் போட்டு, மரச் சுத்தியால் தட்டித் தட்டி, தடவித் தடவி, மறுபடி தட்டி, ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் அவர் அதோடே கிடந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே தட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிற அளவுக்குப் போனது பைத்தியம். அவர் மனைவி பாவாயி தெருவில் பாடி கட்டுகிற பஸ்களுக்கெல்லாம் சீட் தைப்பவள், இந்த வண்டிக்கும் அவள்தான் தைத்தாள். "எனக்குத் தாலி கட்டுனப்பகூட உங்களுக்கு இந்தச் சிரிப்பு இல்லீங்களே மாமா" என்று ஊசியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

எங்கள் தெருவில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, புது வண்டி முடிந்ததும் முன்விளக்குகளைத் துணியால் கட்டி வைத்து, நல்ல நேரத்தில் அதன் முகத்தருகே வாய்வைத்து அதன் பெயரை மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் துணியை அவிழ்ப்போம். மஸ்தான் பாய்க்கு வாய் ராசி என்பதால் அதை அவர்தான் செய்வார். இரண்டு, உடையவர் வந்து உட்காரும்வரை டிரைவர் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. முதலில் உட்கார்ந்தவருக்கே வண்டி சொந்தம் என்பது எங்கள் தெருச் சட்டம், அதனால் பஸ்ஸை நகர்த்துவதென்றால்கூட வெளியிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளுவோம். முதல் வழக்கத்தில்தான் தவறு நடந்தது. பஸ் என்றால் முதலாளி மகள் பெயரோ குலதெய்வத்தின் பெயரோ இருக்கும். இந்த வண்டிக்கு என்ன பெயர் என்று போனில் கேட்டபோது வரதகுமார், "இதென்ன கேள்வி, மொந்தால்வாதான்" என்றார். பாய் அதையே சொன்னார். இன்னொரு வண்டியின் பெயரை இதற்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. தன்னைச் செல்லாண்டி என்று சொன்னால் செல்லாண்டி என்று நம்பி ஓடுகிற பஸ்ஸைப் போலவே, இந்த வண்டியும் தான்தான் அந்த வண்டி என்று நம்பிவிட்டது. அவ்வளவுதான் காரணம், இதற்கு மேல் காரணம் கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.

தினமும் சாயங்காலம் விளக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. தெருவில் நின்ற பஸ்களின் பேட்டரிகளை முறை வைத்துக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆலைக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, கடல் தன்னுடைய சுவரில் வருவதாகப் பெருமை பேசினார். மூச்சிழுப்பு நோய்க்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு காற்று வாங்க வந்தார்கள், வந்தவர்களுக்கு மிளகாய் பஜ்ஜிக் கடை வந்தது. காலையில் சுவரில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டிப் பெண்கள் ஊறுகாய் போட்டார்கள். ராமேஸ்வரம் போகிற செலவை மிச்சப்படுத்தி ஆடி அமாவாசைக்கு இங்கேயே முழுகலாமா என்று சிலர் கேட்டபோது கோயில் குருக்கள் வந்து பார்த்துவிட்டு, தலை முழுகுகிற அளவுக்கு ஆழம் இல்லை, கால் நனைக்கலாம், பாவம் முழங்காலோடு போகும் என்று தீர்ப்புச் சொன்னார். டவுன் பஸ் கண்டக்டர்கள் ஒரு வாரத்துக்குள் "பீச்செல்லாம் எறங்கு" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். துணி காயப்போடுகிறவர்களுக்கு மட்டும்தான் வருத்தம், அந்தச் சுவர்ப் பக்கம் எதுவும் காயவில்லை.

அப்புறம்தான் பாவாயி அதைக் கவனித்தாள். நேற்றுப் பார்த்த இடத்தை இன்று பார்க்கவில்லை. நேற்று பாறை பக்கத்தில் இருந்தது, இன்று பாறை கீழே போய்விட்டது, நாளுக்கு நாள் எலுமிச்சை மரங்கள் பின்னால் நகர்ந்தன, சாலை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. வண்டி எங்கள் பட்டறையில் சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்து நிற்கிறது, ஆனால் அது வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் மெல்ல மெல்லப் புரிந்தது, புரிந்ததும் மனசுக்கு இதமாகவும் இருந்தது.

வேறொரு பஸ்ஸைச் சோதிக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் எஸ்தர் ராணி ஒரு சாயங்காலம் இதைப் பார்த்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கடலோடு வளர்ந்தவர். காற்றை மோந்து பார்த்துவிட்டு, "இது நம்ம கடல் இல்ல" என்றார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ராக்கியண்ணனிடம் கேட்டார்.

"எந்தக் கம்பெனி வண்டிண்ணே?"

"நானே பண்ணுனதுங்க. படத்தைப் பாத்துப் பண்ணுனனுங்க."

"அப்ப இது ரோட்டுக்கு வர முடியாது. நினைச்சவங்க நினைச்ச காரைச் செஞ்சு ஓட்டச் சட்டம் இடம் கொடுக்காது. இடிச்சா யார் பதில் சொல்றது, பிரேக் பிடிக்கலைன்னா யாரைக் கேக்குறது? அது போகட்டும், இந்த உருவம் யாருக்குச் சொந்தம்? வரைஞ்சவன்கிட்டக் கேட்டீங்களா?"

"அவிய செத்துப் போய்ட்டாங்களாமுங்க" என்றார் ராக்கியண்ணன். பிறகு அவருக்கும் ரோஷம் வந்தது. "செல்லாண்டியம்மன் செலை எத்தனை ஊர்ல இருக்குதுங்க? ஒண்ணைப் பாத்துத்தானுங்க ஒண்ணு செய்யறாங்க. அதுல எது ஒரிஜினல்னு யாராச்சும் கேக்கறாங்களா?"

எஸ்தர் ராணி சிரித்தார். "கேக்க மாட்டாங்க. ஏன்னா எந்த அம்மனும் நான்தான் பக்கத்து ஊர் அம்மன்னு சொல்லி ஏமாத்துறதில்ல. மாதிரி செய்யறது தப்பில்லண்ணே, அதுவேதான் இதுன்னு சொல்றதுதான் தப்பு."

கிளம்பும்போது எஸ்தர் ராணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் கால் நனைத்தார். "சுவரைப் பாத்து நிக்கிறதைப் பத்திச் சட்டம் ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சாலை ஏறி முடிந்த அன்று ஒரு வீடு வந்தது. கல் வீடு, வாசலில் திராட்சைப் பந்தல், பந்தலுக்குக் கீழே மேசை, மேசையில் இரண்டு தட்டு. ஒரு தட்டின் முன்னால் வெள்ளைத் தலையோடு ஒரு வயசான அம்மா உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் பட்டதும் எழுந்தாள். கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வாசல் கேட்வரை வந்தாள், விளக்கின் கூச்சத்தில் ஒன்றும் தெரியாமல் நின்றாள், ஒரு பெயரைக் கூப்பிட்டாள். எங்களுக்கு மொழி தெரியாது, ஆனால் வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற குரல் எந்த மொழியிலும் தெரியும். பேட்டரி தீர்கிறவரை அவள் மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தொடவில்லை.

மறுநாளும் வண்டி அந்தக் கேட்டிலேயே நின்றது, அதற்கும் மறுநாளும். தினமும் இரண்டு தட்டு. தினமும் அவள் எழுந்து வந்து கூப்பிட்டாள், திரும்பிப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பஜ்ஜிக் கடையில் கூட்டம் குறைந்தது. புருஷன் வராமல் சாப்பிடாத பெண்கள் எங்கள் ஊரிலும் உண்டு, அவர்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சோறு ஆறிப் போவுதே, யாராச்சும் சொல்லக் கூடாதா" என்று சுவரைப் பார்த்து முனகினார்கள். நாளுக்கு நாள் அவள் இளைத்தாள். பாவாயி கடலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஊர் கடல் பார்க்கிற நேரத்தில் அவள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தையல் மிஷினை வேகமாக ஓட்டினாள்.

இந்த நேரத்தில்தான் வண்டியை எடுத்துப் போக வரதகுமார் வந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர், வண்டியைப் பார்த்ததும் கண் கலங்கி, பானெட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பையிலிருந்து இரண்டு பொருளை எடுத்தார். ஒன்று மொந்தால்வா முத்திரை, இன்னொன்று ஒரு துண்டுத் தாள், அதில் கடலில் விழுந்த வண்டியின் சேசிஸ் நம்பர்.

"இந்த நம்பரை அடிச்சுடுங்க, முத்திரையைப் பதிச்சுடுங்க. அது கடலுக்குள்ள விழவே இல்ல, ஊட்டியில ஒரு பழைய எஸ்டேட் கொட்டகையில கிடைச்சதுன்னு நான் சொல்லிக்கிறேன். பழைய ஒரிஜினல்னா ரோட்டுல ஓடலாம், கண்காட்சிக்குப் போகலாம், உலகமே வந்து பார்க்கும். நகல்னு சொன்னா இது இந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டே துருப்பிடிக்கும். ஒரே ஒரு பொய்தான் ராக்கியண்ணன், அதுதான் இதுக்கு ரோடு."

"அந்தக் காரைச் செஞ்சவரு சம்சாரம் இருக்காங்களேங்க" என்றாள் பாவாயி.

"இருந்தாலும் இந்த வயசுல கேஸ் போட மாட்டாங்கம்மா" என்றார் அவர்.

ராக்கியண்ணன் நம்பர் அடிக்கிற அச்சுகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் ஆசை ஒன்றே ஒன்று, இந்த வண்டி ஓட வேண்டும், ஒரு முறையாவது காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறதைத் தான் பார்க்க வேண்டும். பாவாயிக்கு அது தெரியும், தெரிந்ததால்தான் அழுகை வந்தது.

"வேண்டாமுங்க மாமா. அந்தம்மா தெனமும் பட்டினி கெடக்குது. வந்துட்டாரு வந்துட்டாருன்னு நெனச்சுட்டு கெடக்குது."

"பொய்யின்னாலும் அதுக்கு ஒரு வெளிச்சமாச்சும் தெரியுதே புள்ள" என்றார் ராக்கியண்ணன். "வெளக்கை அமத்திட்டா அதுக்கு என்ன இருக்குது, சொல்லு?"

"எனக்கு இப்படி ஒரு வெளிச்சத்தை யாராச்சும் காட்டுனா நான் அவிகளை மன்னிக்கவே மாட்டேன்" என்றாள் பாவாயி.

பொழுது சாய்ந்தது. ஊர் கூடிவிட்டது, யாரோ விளக்கை ஏற்றினார்கள். கல் வீடும் பந்தலும் இரண்டு தட்டும் வந்தன, கிழவி எழுந்தாள். வரதகுமார் அன்றுதான் முதல் தடவை அவளைப் பார்த்தார், பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டார். எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாவாயி வண்டியின் கதவைத் திறந்தாள், யாரும் உட்காராத அந்த டிரைவர் சீட்டில், தான் தைத்த சீட்டில், ஏறி உட்கார்ந்தாள், தலைக்கு மேலே இருந்த சின்ன பல்பைப் போட்டாள். தெரு முழுக்க ஒரே மூச்சாக "ஐயோ" என்றது. சட்டம் தெரிந்த தெரு.

கேட்டருகே வந்த கிழவி அப்போது பார்த்தாள், விளக்குகளுக்குப் பின்னால், கண்ணாடிக்கு உள்ளே, மூக்குத்தி போட்ட, நெற்றியில் விபூதி வைத்த, முன்பின் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை. இருவரும் ஒருவரை ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டார்கள். பாவாயி இரண்டு கையையும் கூப்பிவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். "அவரு இல்லீங்கம்மா. இது அந்த வண்டியும் இல்லீங்க. நாங்க பாத்துப் பண்ணுனதுங்க. கேக்காமப் பண்ணிப்போட்டோம்" என்றாள், தேம்பித் தேம்பி.

கிழவி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். சுவரைத் தாண்டி அவள் வரவில்லை, ஆனாலும் வண்டியின் சிவப்புப் பெயிண்டில், தூசி படிந்திருந்த இடத்தில், நாலு விரல் தடவிக்கொண்டு போகிற தடம் விழுவதை நாங்கள் பார்த்தோம். தடம் பானெட்டில் தொடங்கி, கதவைத் தடவி, பின்சக்கரத்தின் வளைவுக்குப் போய் அங்கே நின்றது. வரதகுமார் கொண்டுவந்த படங்களெல்லாம் இடப்பக்கம் எடுத்தவை. வலது பின்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் ராக்கியண்ணன் பழக்க தோஷத்தில் அங்கே ஒரு பஸ் வளைவைப் போட்டிருந்தார், முப்பது வருஷமாகக் கை போட்டுப் பழகிய, கல்லுமடை பஸ் எல்லாவற்றுக்கும் உள்ள வளைவு. விரல்கள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவின. அப்புறம் கிழவி சிரித்தாள். தன் புருஷனின் கை எது, அடுத்தவன் கை எது என்று தெரிந்துகொண்ட சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அந்த வளைவை, எங்களூர் வளைவை, இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தாள்.

பிறகு மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அவன் தட்டில் இருந்ததையும் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி, குனிந்து, நிமிராமல், கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். கல்லுமடையின் பெண்களெல்லாம் சத்தமாக அழுதார்கள், ஆண்கள் கண்ணில் உப்புக் காற்று பட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தபோது பந்தல் மங்கியது, மரங்கள் மங்கின, அலைச் சத்தம் ஒன்று இரண்டு என்று குறைந்து நின்றது. அரிசி ஆலையின் பின்சுவரில் இரண்டு வட்ட வெளிச்சம் மட்டும் விழுந்து கிடந்தது.

வரதகுமார் முத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "உங்க தெருச் சட்டப்படி உட்கார்ந்தவங்களுக்குத்தானே சொந்தம்" என்றார், வேறு ஒன்றும் சொல்லாமல் கார் ஏறிப் போனார். மறுநாளிலிருந்து விளக்கு ஏற்றினால் சுவர்தான் தெரிந்தது. பஜ்ஜிக் கடை ரயில்வே கேட் பக்கம் போய்விட்டது, துணிகள் நன்றாகக் காய்ந்தன. கொஞ்ச நாளைக்குச் சிலர் பாவாயியோடு பேசவில்லை, கடலைக் கலைத்துவிட்டாள் என்று.

கிழவி சாப்பிட்டு முடித்த அன்று, கூட்டம் கலைந்த பிறகு ராக்கியண்ணன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் இருந்த அச்சுகளைக் கீழே போட்டிருந்தார். பாவாயி இன்னும் சீட்டில்தான் இருந்தாள். அவர் வளைவுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் குனிந்தார்.

"இனி இது எங்கயுமே போவாதே புள்ள."

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுதான் அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லிட்டு வந்துருச்சுங்களே மாமா" என்றாள்.